கேரியஸ் முறை: கரிமச் சேர்மத்தில் ஹாலஜனையும் கந்தகத்தையும் அளப்பது எப்படி?

குளோரோபென்சீனில் சில்வர் நைட்ரேட் கரைசலை விட்டால் வெள்ளை வீழ்படிவு வராது. குளோரின் இல்லாமல் இல்லை. கார்பனோடு சகப்பிணைப்பில் இறுகிக் கிடக்கிறது, அவ்வளவுதான். மூலக்கூறைச் சிதைத்து அதைக் குளோரைடு அயனியாக்கினால்தான் வெள்ளி அதைப் பிடிக்கும். 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் வேதியியலாளர் கேரியஸ் வகுத்த முறை இதைத்தான் செய்கிறது.

அந்துருண்டையில் வரும் பாரா-டைகுளோரோபென்சீனை எடுத்துக்கொள்வோம்.

முதலில், சிறு கண்ணாடிக் குழலில் 0.147 கிராம் எடை போடுங்கள். தானாகவே ஆவியாகும் பொருள், தாமதிக்க வேண்டாம்.

அடுத்து, தடித்த கண்ணாடியாலான கேரியஸ் குழாயில் புகையும் நைட்ரிக் அமிலமும் சில்வர் நைட்ரேட்டும் இடுங்கள். சிறு குழலை உள்ளே மெதுவாக இறக்குங்கள். வாயை மூடும்வரை அமிலம் சேர்மத்தைத் தொடக்கூடாது. தொட்டால் ஹாலஜன் (குளோரின், புரோமின், அயோடின் போன்ற தனிமம்; இங்கே குளோரின்) வாயுவாகத் தப்பிவிடும், விடை குறையும்.

பிறகு குழாயின் வாயை உருக்கி மூடி, இரும்பு உறைக்குள் வைத்து, உலையில் ஏறத்தாழ 550 கெல்வினில் 5 மணி நேரம் சூடாக்க வேண்டும்.

திறப்பதுதான் ஆபத்தான கட்டம். உள்ளே அழுத்தம் மிக அதிகம். முழுவதும் குளிர்ந்தபின், குழாய் உறைக்குள் இருக்கும்போதே நுனியைச் சுடரில் இளக்கி வாயுவை வெளியேற்றுவார்கள். முகக்கவசத்தோடு, பழகியவர் மேற்பார்வையில், ஆய்வகத்தில் மட்டுமே செய்யுங்கள்.

வீழ்படிவை வடிகட்டி, மிக நீர்த்த நைட்ரிக் அமிலத்தால் கழுவுங்கள். வெறும் நீரில் கழுவினால் சில்வர் குளோரைடு கூழ்மமாகி (மிக நுண்ணிய துகள்களாகப் பிரிந்து) வடிதாளைத் தாண்டிவிடும். வெளிச்சம் பட்டால் கறுக்கும் என்பதால் மறைவாக உலர்த்தி எடை போடுங்கள்.

0.287 கிராம் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். 143.5 கிராம் சில்வர் குளோரைடில் 35.5 கிராம் குளோரின்:

0.287 × 35.5 ÷ 143.5 = 0.071 கிராம்
0.071 ÷ 0.147 × 100 = 48.3%

மூலக்கூறு நிறை 147இல் குளோரின் 71. அதுவும் 48.3%தான்.

கந்தகத்துக்கும் இதே குழாய்தான். சில்வர் நைட்ரேட் மட்டும் வேண்டாம். கந்தகம் சல்பியூரிக் அமிலமாகிவிடும். திறந்தபின் நீர் விட்டு நீர்க்கச் செய்து, சூடான கரைசலில் பேரியம் குளோரைடைத் துளித்துளியாகச் சேர்த்து, சிறிது நேரம் சூட்டிலேயே விடுங்கள். பேரியம் சல்பேட் துகள்கள் வளர்ந்தால்தான் வடிதாளில் நிற்கும். 233 கிராமில் 32 கிராம் கந்தகம் என்று கணக்கிடுங்கள்.

புளோரினுக்கு இம்முறை உதவாது. சில்வர் புளோரைடு நீரில் கரைந்துவிடும். அதற்கு 1955இல் வேதியியலாளர் ஷோனிகர் வெளியிட்ட ஆக்சிஜன் குடுவை முறை (ஆக்சிஜன் நிரப்பிய குடுவைக்குள் சேர்மத்தை எரிப்பது) ஏற்றது. மற்ற ஹாலஜன்களுக்கும் கந்தகத்துக்கும்கூட அது இதைவிட விரைவானது.