இறுதி நாள்களில் துணைநின்ற செவிலியருக்கு நன்றிக் கடிதம் எழுதுவது எப்படி?

வீட்டில் ஒருவர் இறந்து, பதினாறாம் நாள் காரியமும் முடிந்தபின், கடைசி வரை பார்த்துக்கொண்ட செவிலியருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணம் பல குடும்பங்களில் எழுகிறது. புடவையோ, கவரில் வைத்த பணமோதான் முதலில் தோன்றும். அரசுப் பணியில் இருப்பவர் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973-க்குக் கட்டுப்பட்டவர் என்பதால், அன்போடு கொடுப்பதை வாங்கவும் முடியாமல் மறுக்கவும் மனமில்லாமல் அவர் சங்கடப்பட நேரும். அவருக்கு உண்மையிலேயே உதவுவது, அவர் செய்தவற்றை விவரமாகச் சொல்லும் ஒரு கடிதம்தான்.

“தெய்வம்போல் வந்தீர்கள்” என்ற ஒற்றை வரியோடு நிறுத்திவிடக் கூடாது. குணமாகி நடந்து வெளியேறும் நோயாளியைக் காணும் நிறைவு நோய்த்தணிப்புச் சிகிச்சையில், அதாவது தீராத நோயின் வலியையும் வேதனையையும் குறைக்கும் பராமரிப்பில், பணிபுரியும் செவிலியருக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. தம் உழைப்பு என்ன பலன் தந்தது என்பதை அவர் நோயாளியின் குடும்பத்தாரின் சொற்களிலிருந்தே அறிய வேண்டியிருக்கிறது. ஆகவே, எழுத உட்காருமுன் வீட்டார் ஒன்றாகக் கூடி, அவரவர் கண்ணால் கண்டதைச் சொல்லக் கேட்டுக் குறித்துக்கொள்வது நல்லது. நினைவின்றிக் கிடந்த தாயாரைப் புரட்டுமுன், “அம்மா, இடப்பக்கம் திருப்பப் போறேன்” என்று காதருகே சொல்லிவிட்டே செவிலியர் கை வைத்திருக்கலாம். உலர்ந்த உதடுகளை நனைத்த பஞ்சால் ஒற்றியிருக்கலாம். தொண்டை கரகரத்து மூச்சு இழுத்தபோது பதறிய பிள்ளைகளிடம், விழுங்கும் ஆற்றல் குறைந்ததால் எச்சிலும் சளியும் தேங்கி எழும் ஓசை அது என்றும், கேட்பவர்களுக்கு இருக்கும் வேதனை அம்மாவுக்கு இருக்க வாய்ப்பில்லை என்றும் பொறுமையாக விளக்கி, அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்திருக்கலாம். பெரிய உதவிகளைவிட இத்தகைய சிறு செயல்களே கடிதத்தில் முதலிடம் பெற வேண்டும். மற்றவர் எவரும் அவற்றைப் பதிவு செய்யப் போவதில்லை.

ஒவ்வொரு செயலோடும் அதனால் விளைந்ததையும் சேர்த்து எழுதுங்கள். “நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மார்ஃபின் மாத்திரை கொடுக்க வேண்டிய வேளைகளைத் தாளில் எழுதித் தந்து, வலி வரும்வரை காத்திருக்காதீர்கள் என்று சொன்னீர்கள், அதன்பிறகு அப்பா இரவில் உறங்கினார், எங்களோடு பேசினார்” என்று எழுதினால், அதைப் படிக்கும் இளைய செவிலியருக்கும் அது பாடமாகும்.

கடிதத்தைச் செவிலியரிடம் நேரில் கொடுத்து, ஒரு பிரதியை அவருடைய மேலதிகாரிக்கும் அனுப்ப வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ் வீட்டுக்கு வந்தவராயின் வட்டார மருத்துவ அலுவலருக்கும், தனியார் மருத்துவமனையில் பணிபுரிபவராயின் செவிலியர் கண்காணிப்பாளருக்கும் அனுப்பலாம். செவிலியரின் முழுப் பெயர், பணியிடம், பராமரித்த காலம் ஆகியவை பிழையின்றி இருக்கட்டும். உடன் வந்த இயன்முறை மருத்துவர், தன்னார்வலர், படுக்கை விரிப்பை மாற்றிய ஆயா ஆகியோரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். ஆயாவின் பெயர் விடுபட்டுப்போவதே வழக்கமாக இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

காலதாமதம் ஒரு தடையன்று. துக்கம் ஆறிய பின் எழுதும் கடிதம் பெரும்பாலும் தெளிவாகவே அமையும். செவிலியரின் அனுமதியின்றி அவருடைய படத்தையோ கைபேசி எண்ணையோ வாட்ஸ்அப் குழுக்களில் பகிர வேண்டாம். உறவினர் வீட்டு நோயாளிக்காக அவரைத் தனிப்பட்ட முறையில் அழைப்பதும் முறையன்று. மருத்துவமனை வழியாகவே கேட்க வேண்டும்.

கடிதம் கொடுக்கச் செல்லும் நாளிலேயே, இரவலாகப் பெற்ற ஏர் பெட்டையும் சக்கர நாற்காலியையும் துடைத்துச் சுத்தமாக்கிக் கொண்டுபோய்ச் சேர்த்தால் அடுத்த நோயாளிக்குப் பயன்படும். மீதமுள்ள மார்ஃபின் மாத்திரைகள் சட்டக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை என்பதால், அவற்றை எவருக்கும் கொடுத்துவிடாமல், எண்ணிப் பார்த்து மருந்து வழங்கிய மையத்திலேயே ஒப்படைத்துவிடுங்கள்.