பெருங்குடல் புற்றுநோயை நேரத்தோடு கண்டுபிடிக்க: இரத்தமா, மலமா?

சீனி வருத்தக்காரர் விரலில் குத்திப் பார்க்கும் குளுக்கோமீட்டரும் ஒரு பயோசென்சர்தான், அதாவது உயிர்ப்பொருளைக் கொண்டு அளக்கும் கருவி. பட்டியிலுள்ள நொதி குளுக்கோசோடு தாக்கமுற, பிறக்கும் மின்னோட்டத்தைக் கருவி எண்ணாக்கிக் காட்டுகிறது. பெருங்குடல் புற்றுநோய்க்காக ஆய்வுகூடங்களில் உருவாகிவரும் சென்சர்களும் இதே வழிதான். தங்க மின்முனையில் நொதிக்குப் பதிலாகப் பிறபொருளெதிரியை ஒட்டிவைப்பார்கள். தேடும் புரதம் வந்து பற்றியதும் மின் அளவு மாறும்.

சிக்கல் அளவில் இருக்கிறது. ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தில் குளுக்கோசு ஏறக்குறைய 1 மில்லிகிராம். இந்தப் புற்றுநோயில் ஏறக்கூடிய சீ.ஈ.ஏ. என்ற புரதம் 5 நனோகிராமைத் தாண்டினாலே கூட என்கிறோம். இரண்டு இலட்சம் மடங்கு வித்தியாசம்! போதாததற்கு அல்புமின் போன்ற புரதங்கள் மின்முனையில் படிந்து அதை மூடிவிடும்.

சென்சர் இன்னும் வரவில்லையே என்று ஆய்வுகூடத்தில் சீ.ஈ.ஏ. பார்த்து, 2.8 என்று வந்ததும் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். தொடக்க நிலையில் அது பெரும்பாலும் ஏறாது. புகைப்பவருக்கோ நோய் இல்லாமலே ஏறும். சிகிச்சைக்குப் பின் நோய் திரும்புகிறதா என்று பார்க்கத்தான் அது உதவும். அமெரிக்காவில் 2024 ஜூலையில் அனுமதி பெற்ற ஷீல்ட் என்ற இரத்தப் பரிசோதனை சென்சர் வகையல்ல, டி.என்.ஏ.யைப் படிப்பது. அதுவும் புற்றுநோயில் 83 வீதத்தைப் பிடித்தாலும், புற்றாக மாறக்கூடிய முற்றிய கட்டிகளில் 13 வீதத்தைத்தான் பிடித்தது.

இன்று கைக்கெட்டுவது, மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தைத் தேடும் மலப் பரிசோதனை. அதை ஒழுங்காகச் செய்யவேண்டும்.

முதலில் குவாயக் முறையா, எப்.ஐ.ரி.யா என்று ஆய்வுகூடத்தில் கேளுங்கள். குவாயக் எந்த விலங்கின் இரத்தத்துக்கும் நிறம் மாறும் இரசாயன முறை; அதுவென்றால் மூன்று நாள் முன்பிருந்தே ஆட்டிறைச்சியும் மாட்டிறைச்சியும் வேண்டாம். இரத்தவறை சாப்பிட்டால் ஆட்டின் இரத்தமே பொஸிட்டிவ் காட்டும். விற்றமின் சீ குளிசை மறுபக்கம் ஏமாற்றும்: இரத்தம் இருந்தும் நெகட்டிவ் வரும். எப்.ஐ.ரி. மனித இரத்தப் புரதமான குளோபினை மட்டும் பிடிப்பதால் பத்தியம் தேவையில்லை. கேட்டு வாங்கக்கூடியது அதுதான்.

மூலநோயில் இரத்தம் கசியும்போதும் மாதவிடாய் நாட்களிலும் எடுக்காதீர்கள். நின்று மூன்று நாள் கழியட்டும். முதலில் சலம் கழித்துவிடுங்கள். குந்தும் கக்கூசில் தண்ணீருக்குள் விழுந்த மலம் உதவாது; இரத்தம் கரைந்துபோகும். கழுவிக் காயவைத்த ஐஸ்கிரீம் டப்பாவிலோ, விரித்த சொப்பின் பையிலோ பிடியுங்கள். எப்.ஐ.ரி. குழாயின் மூடியோடு வரும் குச்சியின் நுனியில் வரிப்பள்ளங்கள் இருக்கும். ஒரே இடத்தில் குத்தாமல், மேற்பரப்பில் ஐந்தாறு இடங்களில் உரசுங்கள். இரத்தம் எல்லா இடமும் ஒரே சீராய்ப் படிவதில்லை. பள்ளங்கள் நிரம்பினால் போதும். அள்ளித் திணித்தால் அளவு பிழைக்கும். மூடி இறுகும்வரை திருகி, திகதியும் நேரமும் எழுதுங்கள்.

அடுத்த எதிரி வெயில். சித்திரை மாதத்தில் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் இரண்டு மணித்தியாலம் கிடந்தால் குளோபின் சிதையும். இருக்கும் இரத்தமும் இல்லையென்று வரும். உடனே கொடுக்க முடியாவிட்டால் பிரிஜ்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள், உறைய விடாதீர்கள்.

பொஸிட்டிவ் வந்தால் “இன்னொருக்கா செய்து பாப்பம்” என்று திரும்பச் செய்யாதீர்கள். கட்டி இடைவிட்டுத்தான் கசியும். இரண்டாவது நெகட்டிவ் முதலாவதை அழிக்காது. அடுத்தது கொலனஸ்கோப்பி, அதாவது பெருங்குடலுக்குள் கமெரா விட்டுப் பார்ப்பது. குடும்ப வைத்தியரிடம் கடிதம் வாங்கிச் சத்திரசிகிச்சை கிளினிக்குக்குப் போங்கள். வார்பரின், குளோப்பிடோகிரல் போன்ற இரத்தம் உறையாமலிருக்கும் மருந்து எடுப்பவர்கள் அதை முதலிலேயே சொல்லுங்கள், தாங்களாக நிறுத்தவேண்டாம்.

மலத்தோடு இரத்தம், காரணமில்லா இரத்தசோகை, வாரக்கணக்கில் மாறிய மலப்பழக்கம் இருப்பவர்கள் நெகட்டிவ் வந்தாலும் வைத்தியரிடம் காட்டத்தான் வேண்டும்.