கத்தியை உருவிய பிறகு: பிளேயரின் அவசர முடிவை ஜிஎம் கையாளும் விதம்

ஆளுக்கொரு கேரக்டராக நடித்து, பகடை உருட்டி ஆடும் டேபிள்டாப் ரோல்பிளேயிங் ஆட்டம். பேச்சுவார்த்தை முக்கால் மணி நேரமாக ஓடுகிறது. எதிரே கோட்டைத் தலைவன். அவனைச் சுற்றி ஒன்பது காவலர்கள், மேல்மாடத்தில் இரண்டு வில்லாளிகள். மலைக்கணவாயைக் கடக்க அனுமதி கேட்டு பார்ட்டி, அதாவது பிளேயர்களின் கேரக்டர்கள் சேர்ந்த குழு, நிற்கிறது. திடீரென்று ஒரு பிளேயர், "பேசினது போதும். கத்திய உருவி அவன் கழுத்துல வைக்கிறேன்" என்கிறார். மேசையில் பாதிப் பேர் சிரிக்கிறார்கள், மீதிப் பேர் தலையில் கைவைக்கிறார்கள். பிறகு எல்லோரும் ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டரை (ஜிஎம்) பார்க்கிறார்கள்.

அடுத்த ஒரு நிமிடத்தில் ஜிஎம் என்ன செய்கிறார் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. அந்த ஒரு நிமிடத்துக்குப் பகடையைத் தொடவேண்டாம்.

முதலில், "இதனால உனக்கு என்ன நடக்கணும்?" என்று கேளுங்கள். தலைவனைப் பணயமாகப் பிடித்து வெளியேறுவது ஒன்று, சும்மா மிரட்டிப் பார்ப்பது வேறொன்று, கொன்றுவிடுவது மூன்றாவது. மூன்றுக்கும் ரோல் (பகடை உருட்டல்) வேறு, விளைவும் வேறு. கேட்காமல் ஊகித்தால், மிரட்ட நினைத்தவரைக் கொலைகாரனாக்கிவிடுவீர்கள். "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்ற சண்டை அங்கேதான் தொடங்கும்.

அடுத்து, அந்தக் கேரக்டரின் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லுங்கள். "உன் ஆளு பல வருஷமா வாள் பிடிச்சவன். மாடத்துல இருக்கிற ரெண்டு பேரும் அம்பைப் பூட்டியாச்சுன்னு அவனுக்குத் தெரியும். நீ தலைவனை நெருங்கறதுக்குள்ள ரெண்டு அம்பு வரும். அவனுக்கு ஒரு கீறல் விழுந்தாலும் கணவாயை மூடிடுவாங்க. செய்றியா?" இது ரகசியத்தைப் போட்டு உடைப்பதாகாது. அறைக்குள் நிற்கும் கேரக்டருக்கு, மேசையில் உட்கார்ந்திருக்கும் பிளேயரைவிட நிறையத் தெரியும். வில்லாளிகளைப் பற்றி நீங்கள் இருபது நிமிடம் முன்பு சொன்னபோது அவர் தன் கேரக்டர் ஷீட்டில் எதையோ தேடிக்கொண்டிருந்திருப்பார். அசட்டுத் துணிச்சல் என்று தோன்றுவதில் பெரும்பகுதி, இருவர் மனதிலும் இருக்கும் அறை வேறுவேறாக இருப்பதால் வருவது. புருவத்தை உயர்த்தி "நிஜமாவா?" என்று மட்டும் கேட்பதில் பயன் இல்லை. அதில் மிரட்டல் இருக்கிறது, தகவல் இல்லை.

பின்வாங்கினால் எதுவும் நடக்கவில்லை, காட்சி தொடரட்டும். "ஆமா, செய்றேன்" என்றால் அதோடு முடிந்தது, இனி திருப்பிச் சுற்றுவது கிடையாது. இரண்டு விலக்குகள் மட்டும்: நீங்கள் சொல்லவேண்டியதைச் சொல்லாமல் விட்டிருந்தால் திருத்தலாம். மேசையில் யாருக்காவது மனதளவில் தாங்கமுடியாத விஷயம் வந்துவிட்டால், எக்ஸ் கார்டு (தொட்டால் காட்சியை நிறுத்தும் அட்டை) போன்ற ஏற்பாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், உடனே நிறுத்தி அந்தப் பகுதியை நீக்கிவிடவேண்டும். பகடை சரியாக விழவில்லை என்பதற்காகத் திருப்பிச் சுற்றினால், அடுத்த முறை உங்கள் எச்சரிக்கையை ஒருவரும் மதிக்கமாட்டார்கள்.

உலகம் பதிலடி தருவதற்கு முன் மற்ற பிளேயர்களை ஒரு சுற்றுக் கேட்கவேண்டும். "அவன் கை கத்திப்பிடிக்குப் போகுது. நீங்க பார்த்துட்டீங்க. என்ன செய்றீங்க?" ஒருவர் கையைப் பிடிக்கலாம், ஒருவர் தலைவன் முன் மண்டியிடலாம், ஒருவர் சத்தமில்லாமல் கதவுப் பக்கம் நகரலாம். இந்த ஒரு சுற்றை விட்டுவிட்டால், ஒருவர் செய்ததற்கு நான்கு பேர் பலியான கதையாகிவிடும். கையைப் பிடிப்பவருக்கும் பிடிபடுபவருக்கும் எதிரெதிர் ரோல் வைக்கலாமா என்பதை முதல் செஷனுக்கு முன்பே பேசி முடிவு செய்திருக்கவேண்டும். பேசவில்லையென்றால் எளிய வழி: தடுக்கப்படுபவரையே கேளுங்கள், "விடுறியா, உதறுறியா?" அவர் சொல்வதுதான் நடக்கும்.

இப்போது பகடை. ஜெயித்தால் என்ன, தோற்றால் என்ன என்று உருட்டுவதற்கு முன் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். கால் ஆஃப் கதுல்ஹு என்ற திகில் ஆட்டத்தின் ஏழாம் பதிப்பில் தோற்ற ரோலை மறுபடி முயலும்போது இதற்கு விதியே இருக்கிறது: இரண்டாம் முறையும் தோற்றால் நடக்கப்போகும் கேட்டை நடத்துபவர் முன்கூட்டியே உணர்த்தலாம். அதை எந்த ஆட்டத்துக்கும் எடுத்துக்கொள்ளலாம். முடிவில் சந்தேகமே இல்லாத செயலுக்கு ரோல் கேட்காதீர்கள். கேட்டால் ஜெயிக்க வாய்ப்பு உண்டு என்று நீங்களே சொன்னதாகிவிடும். டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் (டி அண்டு டி) ஐந்தாம் பதிப்பில் இருபதுமுகப் பகடையில் 20 விழுந்தால் தானாக வெற்றி என்பது தாக்குதல் ரோலுக்குத்தான், திறன் சோதனைக்கு அல்ல. மிரட்டலுக்கு 20 விழுந்தால் தலைவன் சாவியைத் தூக்கிக் கொடுக்கவேண்டியதில்லை. "உனக்கு நெஞ்சுரம் ஜாஸ்தி" என்று சிரித்து, கத்தியை மட்டும் பறித்துக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தால், அந்தச் சூழலில் அதுவே ஆகச்சிறந்த பலன்.

விளைவை எங்கிருந்து எடுப்பது

ஜிஎம்முக்கு எரிச்சல் வந்திருக்கும் நேரத்தில்தான் விளைவைத் தீர்மானிக்கவேண்டியிருக்கிறது. முக்கால் மணி நேரக் காட்சி பாழானதற்கான கோபம், தலைவனின் கோபமாக வேடம் போட்டு வரும். அதைத் தடுக்க நான்கு கேள்விகள் போதும். யார் பார்த்தார்கள்? யாருக்கு நஷ்டம்? அவர்கள் கையில் ஏற்கெனவே என்ன பலம் இருக்கிறது? செய்தி எவ்வளவு வேகமாகப் போகும்?

மூன்றாவது கேள்வியில்தான் பலரும் வழுக்குகிறார்கள். குறிப்பில் ஒன்பது காவலர்கள் என்றால் ஒன்பதுதான். கத்தி உருவப்பட்டதும் திரைக்குப் பின்னாலிருந்து இன்னும் இருபது பேரும் ஒரு மந்திரவாதியும் குதித்தால், பிளேயர்களுக்கு உடனே புரிந்துவிடும். இருக்கிற பலத்தை வைத்தே கணக்குப் போடுங்கள். கோட்டையில் மொத்தம் 40 வீரர்கள், 12 குதிரைகள். கணவாயைக் காலியாக விடமுடியாது, ஆகவே துரத்த அதிகபட்சம் ஆறு குதிரைவீரர்கள். அடுத்த நகரத்துக்கு ஓலை போய்ச்சேர இரண்டு நாள். அப்படியென்றால் பார்ட்டிக்கு இரண்டு நாள் அவகாசம். அதற்குள் நகரத்தில் நுழைந்து வெளியேறலாம், ஓலைக்காரனை மறிக்கலாம், காட்டுவழியில் சுற்றிப்போகலாம். அடுத்த செஷன் தானாக அமைந்துவிட்டது.

நஷ்டப்பட்டவனை மட்டும் யோசிக்காமல், இதில் லாபம் யாருக்கு என்றும் ஒரு தடவை பாருங்கள். தலைவனை வெறுக்கும் கடத்தல்காரர்கள் மறுநாளே ஆள் அனுப்பலாம். அவர்கள் உதவிக்கும் ஒரு விலை இருக்கும்.

எதிராளி எப்படி நடந்துகொள்வான் என்று தீர்மானிக்க முடியாவிட்டால், 1981 காலத்து டி அண்டு டி விதியில் இருந்த எதிர்வினை ரோல் இன்றும் உதவும். இரண்டு ஆறுமுகப் பகடைகள். 2 என்றால் உடனே தாக்குதல், 3 முதல் 5 வரை பகை, 6 முதல் 8 வரை தயக்கம், 9 முதல் 11 வரை சுமுகம், 12 என்றால் நட்பு. தயக்கம் விழும் வாய்ப்பு சுமார் 44 சதவீதம். கத்தி உருவியதற்கு 2 கழித்துக்கொண்டால், பகையோ அதைவிட மோசமோ வரும் வாய்ப்பு 58 சதவீதமாகிவிடுகிறது. ஆபத்துக்கு ஆபத்தும் ஆச்சு, உங்கள் எரிச்சல் முடிவெடுக்காமலும் ஆச்சு.

தள்ளி வரவேண்டிய விளைவுகளுக்குக் கடிகாரம் நல்ல கருவி. பிளேட்ஸ் இன் த டார்க் என்ற ஆட்டத்தை ஆடியவர்களுக்குத் தெரியும்: ஒரு வட்டம் வரைந்து 4, 6 அல்லது 8 துண்டாகப் பிரித்து, ஏதாவது நடக்க நடக்க ஒவ்வொரு துண்டாக நிரப்புவது. "தலைக்கு விலை" என்று எழுதி ஆறு துண்டு வரையுங்கள். சாட்சி தப்பினால் ஒன்று, ஓலை போய்ச்சேர்ந்தால் இரண்டு, ஊருக்குள் அடையாளம் தெரிந்தால் ஒன்று. நிரம்பினால் விலை அறிவிக்கப்படும். எல்லோர் கண்ணிலும் படும்படி மேசை நடுவில் வையுங்கள். உங்கள் குறிப்புப் புத்தகத்துக்குள் ஒளிந்திருக்கும் கடிகாரம் நிரம்பும்போது பிளேயருக்கு அது வானத்திலிருந்து விழுந்த தண்டனையாகத்தான் தெரியும்.

சாவு

சாகக்கூடும் என்றால் எண்ணோடு சொல்லுங்கள். டி அண்டு டி ஐந்தாம் பதிப்பில் விழும் உயரத்தில் 10 அடிக்கு ஒரு ஆறுமுகப் பகடை வீதம் சேதம். 100 அடிப் பாறையிலிருந்து குதித்தால் பத்துப் பகடை, சராசரி 35. ஐந்தாம் லெவல் ஃபைட்டர் (போர்வீரன்), கான்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி) 14 என்றால் உயிர்ப்புள்ளி 44, பெரும்பாலும் எழுந்து நடந்துவிடுவான். இதைத் தெரிந்துவைத்திருக்கும் பிளேயர் குதிப்பது அசட்டுத்தனமே அல்ல, விதி அப்படி. உங்களுக்குப் பிடிக்கவில்லையென்றால் ஆட்டம் தொடங்குமுன் விதியை மாற்றுங்கள், அவர் காற்றில் இருக்கும்போது வேண்டாம்.

அதே ஆட்டத்தில், 7 உயிர்ப்புள்ளி உள்ள முதல் லெவல் விஸார்ட் (மந்திரவாதி) ஓகர் என்ற ராட்சதனிடம் போய் வம்பிழுப்பது வேறு கதை. ஒரே அடியில் 14 விழுந்தால் மரணச் சோதனைகூட (உயிர் பிழைக்க உருட்டும் பகடை) கிடையாது, அங்கேயே சாவு: பூஜ்யத்துக்கு வந்தபின் மிஞ்சும் சேதம் முழு உயிர்ப்புள்ளிக்குச் சமமாகிவிடுகிறது. ஓகரின் தடியடி 2டி8+4, அதாவது இரண்டு எட்டுமுகப் பகடைகளின் கூட்டோடு 4. பட்ட அடி 14 அல்லது அதற்கு மேல் இருக்கும் வாய்ப்பு 44 சதவீதம். "அடி பட்டா கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி, எழுந்திரிக்கவே மாட்ட" என்று சொல்லிவிட்டு, அதன்பிறகும் போனால் உருட்டுங்கள். விழுந்ததை ஏற்றுக்கொள்ளுங்கள். சொல்லிவிட்டுக் காப்பாற்றினால் இனி எந்த ஓகருக்கும் பயம் இருக்காது.

சிறைபிடிப்பு, கடன், பறிபோன ஆயுதம், காயப்பட்ட கூட்டாளி ஆகியவை சாவைவிட நல்ல பொருள்கள், அதிகநாள் வேலை செய்யும். சிறையில் ஒரு தொல்லை உண்டு: உள்ளே இருப்பவர் ஒரு மணி நேரம் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை காட்சியை அங்கே கொண்டுபோங்கள். பக்கத்து அறைக் கைதிக்கு ஏதாவது பயனுள்ள செய்தி தெரிந்திருக்கட்டும். அல்லது வெளியே நடக்கும் காட்சியில் ஒரு காவலனை நடிக்க அவரிடமே கொடுங்கள்.

அடிக்கடி செய்பவர்

ஒருவர் செஷனுக்கு ஒருமுறை இப்படிச் செய்தால் ஆட்டத்துக்குள் எவ்வளவு அடித்தாலும் தீராது. கேரக்டரை அடிப்பதன் மூலம் பிளேயரிடம் பேசமுடியாது. இடைவேளையில் தனியாகக் கேளுங்கள். பாதிக்குமேல் வரும் பதில் "போரடிச்சுது" என்பதுதான். அப்போது கோளாறு முக்கால் மணி நேரப் பேச்சில் இருக்கிறது. திட்டம் போடும் காட்சிக்குப் பத்து நிமிடம் என்று எல்லை வைத்துப் பாருங்கள், கத்தி உருவுவது பெருமளவு குறையும்.

"என் கேரக்டர் அப்படித்தான்" என்று பதில் வந்தால் விடவேண்டாம். அந்தக் கேரக்டரை எழுதியவர் அவர்தான். முன்கோபக்காரன் வாயைத் திறந்து ஏதாவது சொல்லிவிடலாம், எழுந்து வெளியே போகலாம், மேசையைக் குத்தலாம். நான்கு பேரின் வேலையைக் கெடுக்காத வழி எப்போதும் ஒன்றாவது இருக்கும். அதைத் தேடுவது அவர் பொறுப்பு என்று நேராகவே சொல்லலாம்.

அதற்காக அவசரக்காரரை அடக்கி உட்காரவைத்துவிடாதீர்கள். எல்லோரும் நிதானமாக இருக்கும் மேசையில் எந்தக் கதவும் திறக்காது. நன்றாக ஆடிய அசட்டுத்தனத்துக்கு இன்ஸ்பிரேஷன் (பின்னால் ஒரு ரோலில் பயன்படுத்தும் சலுகை) கொடுங்கள், விளைவையும் கொடுங்கள். இரண்டும் சேர்ந்தே வரலாம்.

செஷன் முடிந்த கையோடு மூன்று வரி எழுதிவையுங்கள்: யாருக்கு விஷயம் தெரியும், அவர்களுக்கு என்ன வேண்டும், எப்போது நகர்வார்கள். அடுத்த செஷனின் முதல் அரை மணிக்குள் அதில் ஒன்றாவது கண்ணில் படவேண்டும், நெடுஞ்சாலையில் ஆறு குதிரைகளின் புழுதியாகவாவது. கேரக்டர் செத்திருந்தால், புதியவர் அதே லெவலில், அதே அரை மணிக்குள் கதைக்குள் வந்துவிடட்டும். பழைய கேரக்டரின் பொருட்கள் யாருக்கு என்பதை மட்டும் முன்கூட்டியே பேசிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு சாவும் பார்ட்டிக்கு இரட்டிப்புக் கவசமாக முடியும்.