அமேசான் நேர்காணலுக்குத் தயாராகும் பொறியாளருக்கு

அமேசானில் மென்பொருள் பொறியாளர் வேலைக்கு விண்ணப்பிக்கும் பலர், நிரல் எழுதிப் பழகும் இணையதளமான லீட்கோடில் மாதக்கணக்கில் கணக்குப் போட்டுவிட்டு, நேர்காணலுக்கு முந்தைய இரவில்தான் அந்நிறுவனம் தன் ஊழியர்களிடம் எதிர்பார்க்கும் நடத்தையைச் சொல்லும் 16 தலைமைத்துவக் கொள்கைகளைப் புரட்டுகிறார்கள். நன்றாக நிரல் எழுதத் தெரிந்தவர்கள்கூடத் தோற்றுப்போவதற்கு இதுவே முக்கியக் காரணம் என்பது என் கருத்து.

ஆன்லைன் தேர்வில் தேறியவர்களுக்கு, ஏறத்தாழ ஒரு மணி நேரம் வீதம் நான்கைந்து சுற்றுகள் கொண்ட ‘லூப்’ நடக்கும். நேர்காணல் செய்பவர் ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று கொள்கைகள் முன்கூட்டியே பிரித்துக் கொடுக்கப்பட்டிருப்பதால், நிரல் எழுதும் சுற்றிலும் கணிசமான நேரம் உங்கள் கடந்தகால அனுபவத்தைத் துருவுவதிலேயே கழியும். அவர்களுள் ஒருவர், ஆள் எடுக்கும் குழுவைச் சேராத ‘பார் ரெய்சர்’. 1999 முதல் இருந்துவரும் இந்த ஏற்பாட்டில், மேலாளருக்கு எவ்வளவு அவசரமாக ஆள் தேவைப்பட்டாலும், வேண்டாம் என்று தடுக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு.

ஆகவே, முதலில் உங்கள் அனுபவத்திலிருந்து எட்டு அல்லது பத்து நிகழ்ச்சிகளை எழுதி வையுங்கள். சூழல், உங்கள் பொறுப்பு, நீங்கள் செய்தது, கிடைத்த பலன் என்ற வரிசையில் எழுதினாலும், மூன்றாவது பகுதிக்கே அதிக இடம் கொடுங்கள். “பேமென்ட் சேவை மெதுவாக இருந்தது, நாங்கள் எல்லோரும் சேர்ந்து சரிசெய்தோம்” என்ற பதிலில் மதிப்பிடுவதற்கு எதுவும் இல்லை. “ஒரே பதிவுக்காகத் தரவுத்தளத்தைத் திரும்பத் திரும்பக் கேட்பதை, சேவையின் செயல்களைக் குறித்துவைக்கும் லாக்கில் கண்டேன், ஒருமுறை வந்த விடையைத் தற்காலிகமாகச் சேமித்துவைக்கும் கேஷ் (cache) போடலாம் என்று மூத்தவர் சொன்னார், பழைய இருப்புத்தொகை தெரிந்துவிடும் என்று மறுத்தேன், கேள்விகளை ஒன்றாகத் திரட்டி அனுப்பும்படி மாற்றி எழுதினேன்” என்று சொன்னால், ஆழ்ந்து ஆராய்வது, துணிந்து மறுப்பது என்ற இரண்டு கொள்கைகளும் ஒரே பதிலில் வெளிப்படுகின்றன. தன் பங்கை எடுத்துச் சொல்வது தற்பெருமை என்று நம்மில் பலர் தயங்குகிறோம். இங்கே அந்தத் தயக்கம் மதிப்பெண்ணைத்தான் குறைக்கும். இட்டுக்கட்டிய கதையோ, “அந்த மாற்றத்தை எப்படிச் சோதித்தீர்கள்?” என்ற அடுத்தடுத்த கேள்விகளில் எளிதாக உடைந்துவிடும்.

நிரல் சுற்றில் உள்ளீட்டின் அளவையும் விதிவிலக்குகளையும் கேட்டறிந்த பிறகே எழுதத் தொடங்குங்கள். முடித்ததும் ஒரு சிறிய உதாரணத்தை வைத்து நீங்களே ஓட்டிக் காட்டுங்கள். மூத்த பொறியாளர்களுக்கு, மென்பொருள் அமைப்பை வடிவமைக்கச் சொல்லும் சுற்று கூடுதல் எடை பெறும்.

வேலையில் சேர்ந்தபின் அன்றாடம் கைகொடுப்பது எழுத்துத் திறன். 2004இல் பவர்பாயிண்ட்டை ஒதுக்கிய மூத்த நிர்வாகத்தின் கூட்டங்களில் தொடங்கி, ஆறு பக்கங்களுக்கு மிகாத ஆவணத்தை அனைவரும் முதலில் மௌனமாகப் படித்துவிட்டு, பிறகு விவாதிக்கும் பழக்கம் வேரூன்றியது. மங்கலான வாக்கியம் அங்கேயே பிடிபடும். பேச்சுத் திறமையால் சமாளிக்க இடமில்லை.

அடுத்தது ஆன்-கால், அதாவது சேவையில் கோளாறு வந்தால் உடனே கவனிக்க முறைவைத்துப் பொறுப்பேற்பது. தங்கள் மென்பொருளை இயக்கும் பொறுப்பும் பொறியாளர்களுடையதே என்பதால், முறை வரும்போது நள்ளிரவிலும் பேஜர் ஒலிக்கலாம். அப்போது காரணத்தைத் தேடிக்கொண்டிருக்காமல், புதிதாக ஏற்றிய மாற்றம் ஏதேனும் இருந்தால் அதைத் திரும்பப் பெற்று, முதலில் வாடிக்கையாளரின் பாதிப்பை நிறுத்துங்கள். ஏன், ஏன் என்று அடுக்கடுக்காகக் கேட்டு மூலகாரணம் காணும் ஆவணத்தைப் பிறகு நிதானமாக எழுதலாம்.

இந்தச் சுமை குழுவுக்குக் குழு வெகுவாக மாறுபடும். எனவே, “கேள்வி ஏதும் உண்டா?” என்று அவர்கள் கேட்கும்போது, ஆன்-கால் முறை எத்தனை வாரங்களுக்கு ஒருமுறை வருகிறது, கடந்த வாரம் எத்தனை முறை பேஜர் ஒலித்தது என்று தயங்காமல் கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால், வேலைக்கு ஒப்புக்கொள்வதற்கு முன் மேலாளருடன் தனியாகப் பேச நேரம் கேட்டுப் பெறுங்கள்.