விழாமல் நிற்க மூச்சுத் தசையைப் பழக்குவது எப்படி?

சமநிலை என்றவுடன் எல்லோரும் காலைத்தான் பார்க்கிறோம். கணுக்கால், முழங்கால், அதற்குப் பிறகு கண்ணும் காதும். எல்லாம் சரி, ஆனால் மூச்சை உள்ளே இழுக்கிற தசையும் உங்களை நிமிர்த்தி நிறுத்துகிற தசைதான், இது ஒரு வருத்தமும் இல்லாத ஆளுக்கும் பொருந்தும், அதைப் பற்றிக் கதைக்கிறவர்கள் மிகக் குறைவு என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

திருகோணமலையில் கிண்ணியாப் பக்கம் வீச்சுவலை வீசுகிற ஒருவரைக் கிட்ட நின்று வடிவாகப் பாருங்கள். வலையின் ஒரு ஓரத்தைப் பல்லில் கடித்து, மிச்சத்தை முழங்கையிலும் கையிலும் பிரித்துப் போட்டுக்கொண்டு, உடம்பைத் திருப்பி எறிவார். எறிகிற கணத்தில் அவருடைய வயிறு பலகை மாதிரி இறுகும். ஈயமணிகளின் பாரம் முழுக்க முன்னால் பறக்கும்போது அவர் சறுக்காமல் நிற்பதில் அந்த இறுக்கத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. உள்ளே நடப்பது இதுதான்: நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருந்து மூச்சை இழுக்கிற தசையான பிரிமென்றகடு கீழே அழுத்தும், வயிற்றுத் தசைகள் சுற்றிப் பிடிக்கும், இடுப்பின் அடித்தளத் தசைகள் கீழே தாங்கும், வயிற்றுக்குள் அழுத்தம் கூடி முதுகெலும்புக்கு முண்டு கொடுக்கும். 1997இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் சிலரை நிற்கவைத்து, கையைச் சட்டென்று உயர்த்தச் சொல்லி அளந்து பார்த்தார்கள். தோள்தசை வேலை தொடங்குவதற்குக் கிட்டத்தட்ட 20 மில்லிசெக்கன் முன்னாலேயே பிரிமென்றகடு சுருங்கத் தொடங்கிவிட்டது, மூச்சை இழுக்கும்போதும் அப்படித்தான், விடும்போதும் அப்படித்தான்.

மூச்சை இழுப்பது, உடம்பை நிறுத்திப் பிடிப்பது, இரண்டு வேலையும் ஒரே தசைக்கு. அதனால் மூச்சு வாங்கும்போது அது மூச்சுக்கே முன்னுரிமை கொடுக்கும், நிறுத்திப் பிடிக்கிற வேலை குறையும். பெல்ஜியத்தில் செய்த ஆய்வொன்றில், மூச்சு இழுக்கும் தசைகளைக் களைக்கப் பண்ணியபோது ஆரோக்கியமானவர்களே நிலையில்லாத தளத்தில் கூடுதலாக ஆடினார்கள், இடுப்பையும் முதுகையும் விட்டுவிட்டுக் கணுக்காலையே நம்பி நின்றார்கள். ஆகவே இந்தத் தசைக்குப் பலம் சேர்த்தால் களைப்பு பிந்தித்தான் வரும். நிற்பதற்கும் மிச்சம் இருக்கும்.

முதலில் உங்கள் நிலை என்ன என்று பாருங்கள். வெறுங்காலுடன் சுவருக்குப் பக்கத்தில், கண்ணைத் திறந்தபடி ஒற்றைக் காலில் நில்லுங்கள், போனில் நேரம் பாருங்கள், 45 செக்கன் வந்தால் காணும். நாற்பது வயதுக்குக் கீழே பலருக்கு 40 செக்கன் தாண்டும், எழுபதுகளில் அதில் பாதி வருவதே பெரிய காரியம். ஐம்பது தாண்டியவர் 10 செக்கன்கூட நிற்க முடியாவிட்டால் டொக்டரிடம் காட்ட வேண்டும். நிற்கும்போது மூச்சைக் கவனியுங்கள். பெரும்பாலான ஆக்கள் தங்களை அறியாமல் அடக்கிக்கொண்டு நிற்பார்கள். அது கணக்கில் சேராது, நடக்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டு போக ஏலாதே.

பழக்கத்தைப் படுத்தபடி தொடங்குங்கள். பாயில் மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, ஒரு கையை நெஞ்சிலும் மற்றதைத் தொப்புளுக்கு மேலும் வையுங்கள். மூக்கால் இழுக்கும்போது கீழ்க்கை உயர வேண்டும், மேல்கை கிட்டத்தட்ட அப்படியே இருக்க வேண்டும், விலாவின் அடிப்பகுதி இரண்டு பக்கமும் விரிய வேண்டும். தோள் காதை நோக்கி ஏறினால் பிழை. இது பிடிபட்ட பிறகு ஒரு கிலோ அரிசிப் பையை வயிற்றில் வைத்து அதே மூச்சை எடுங்கள். எந்தத் தசை வேலை செய்கிறது என்று உணர்வதற்கு இது நல்லது, ஆனால் பலம் கூட்ட இது போதாது.

பலம் கூட்ட, இழுக்கிற மூச்சுக்குத் தடை வேண்டும். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். பலூன் ஊதுவதும் சங்கு ஊதுவதும் வெளிவிடுகிற தசைக்கான வேலை. ஒப்பரேஷனுக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் கொடுக்கிற மூன்று பந்துக் கருவி நுரையீரலை விரிப்பதற்கானது, தசைக்குப் பெரிதாகப் பாரம் கொடுக்காது. உங்களுக்கு வேண்டியது, ஸ்பிரிங் வைத்து, திருகித் தடையைக் கூட்டிக் குறைக்கிற, கைக்குள் அடங்குகிற மூச்சுப் பயிற்சிக் கருவி. வாங்குவதற்கு முன் பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் கேளுங்கள். ஆளுக்கு ஒன்று, வாயில் வைக்கிற பகுதியைப் பகிரவே கூடாது.

அளவு இதுதான்: ஒரு தரத்துக்கு 30 மூச்சு, காலையும் மாலையும், 8 கிழமை. தடை உங்கள் உச்ச பலத்தில் ஏறத்தாழ பாதி இருக்க வேண்டும். அளக்க வசதி இல்லையென்றால், முப்பதாவது மூச்சைக் கஷ்டப்பட்டு முடிக்கிற இடத்தில் திருகை வையுங்கள், அது லேசாகிப் போனால் ஒரு சுற்றுக் கூட்டுங்கள். இழுப்பது வேகமாகவும் பலமாகவும், விடுவது ஆறுதலாக. தலை சுற்றினால் நீங்கள் அவசரப்படுகிறீர்கள், மூச்சுக்கு மூச்சு இடைவெளி விடுங்கள். 2019இல் வெளிவந்த ஆய்வொன்றில் அறுபத்தைந்து தாண்டிய ஆரோக்கியமானவர்கள் இதே அளவில் வீட்டிலேயே செய்து சமநிலைச் சோதனையில் முன்னேறினார்கள். காலுக்கு ஒரு பயிற்சியும் கொடுக்காமல்! எனக்கு இதில் பிடித்ததே அதுதான், முழங்கால் நோவால் நடக்கவே பஞ்சிப்படுகிறவர்களும் கதிரையில் இருந்தபடி செய்யலாம்.

கருவி கிடைக்கும் வரைக்கும் நம் ஊரில் கடல் இருக்கிறது. கழுத்தளவு தண்ணீரில் நின்றால் தண்ணீரின் அழுத்தம் நெஞ்சையும் வயிற்றையும் நெருக்கும், ஒவ்வொரு மூச்சுக்கும் கூடுதலாக உழைக்க வேண்டிவரும். சித்திரை தொடக்கம் ஆவணி வரை, உப்புவெளிப் பக்கம் வெயில் ஏறுவதற்கு முன் வெள்ளெனப் போங்கள், நீந்தத் தெரிந்த ஒருவரோடு மட்டும். மார்கழியில் வாடைக்காற்றோடு இந்தக் கடலில் இறங்கக் கூடாது. தண்ணீருக்குள் மூச்சை அடக்கிப் பார்க்கிற விளையாட்டும் வேண்டாம், பெடியன்கள் அதில்தான் உயிரை விடுகிறார்கள்.

மூன்று நான்கு கிழமை போனதும் நின்றபடி பழகுங்கள். ஒற்றைக் காலில் நின்று மூச்சை நிறுத்தாமல் ஒரு கையைச் சட்டென்று முன்னால் உயர்த்தி இறக்குங்கள். தரையில் லேசாக வந்தால் கடற்கரை மணலில் செய்யுங்கள்.

திருக்கோணேஸ்வரம் கோயிலுக்குக் கோட்டை வாசலால் ஏறிப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏறும்போது விழுவதைவிட இறங்கும்போது விழுவதுதான் பயம். மேலே போய் மூச்சு வாங்கிக்கொண்டே உடனே திரும்பாதீர்கள். ஒரு முழு வசனத்தை ஒரே மூச்சில் சொல்ல முடிகிறவரை இருந்து, பிறகு இறங்குங்கள்.

நுரையீரலில் ஓட்டை விழுந்து காற்றுக் கசிந்த சரித்திரம் உள்ளவர்கள், காதுச்சவ்வு கிழிந்தவர்கள், கட்டுப்படாத ஆஸ்துமா அல்லது இருதய வருத்தம் உள்ளவர்கள், அண்மையில் நெஞ்சிலோ வயிற்றிலோ ஒப்பரேஷன் செய்தவர்கள் டொக்டரைக் கேட்காமல் கருவியைத் தொட வேண்டாம். தடிமன், சளி இருக்கிற நாட்களிலும் விட்டுவிடுங்கள். அம்மா அப்பாவுக்குச் செய்விக்கிறீர்கள் என்றால், ஒற்றைக் கால் சோதனையில் கைக்கெட்டும் தூரத்தில் நீங்கள் நிற்க வேண்டும். எட்டாம் கிழமை முடிய அதே சுவரடியில், அதே காலில், திரும்ப நேரம் பாருங்கள்.