அருங்காட்சியகத்தில் பொதுச் சொற்பொழிவு நடத்துவது எப்படி: குமரி மாவட்டத்துக்கான குறிப்புகள்

தலைப்பை முதலில் சுருக்குங்கள். 'குமரியின் பண்பாட்டு மரபு' என்று அறிவித்தால் பேசுபவர் சிதறால் சமணப் படுகையில் தொடங்கி 1741 குளச்சல் போர் வரை ஓடுவார். கேட்டவர் மனதில் ஒன்றும் தங்காது. 'தேரூர் குளத்துக்கு வலசைப் பறவைகள் எதைத் தின்ன வருகின்றன?' என ஒரே கேள்வியாக வைத்தால் கூட்டமும் சேரும், பேச்சும் தடம் மாறாது.

நாள் குறிக்கும்போது மழையைப் பாருங்கள். குமரிக்கு இரண்டு பருவமழையும் உண்டு. தகரக் கூரை அரங்கில் அடைமழை பெய்தால் மைக் வைத்தும் பயனில்லை. பறவைகளைப் பற்றிய பேச்சுக்கு டிசம்பர் கடைசி, ஜனவரி நல்லது. கும்பப்பூ (இரண்டாம் போக நெல்) வயலும் குளமும் பறவைகளோடு இருக்கும். சனி மாலை பேச்சு, ஞாயிறு காலை ஆறரைக்குக் குளக்கரை என்று இணைத்துவிடலாம். சுசீந்திரம்–தேரூர் நீர்நிலைத் தொகுதி 2022-இல் ராம்சர் பட்டியலில் (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்தது. அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளி விடுமுறை, பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கள். இரண்டாம் சனியன்று திறந்திருக்குமா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

பெரும்பாலும் கெடுவது ஒலிதான். ஓடு பதித்த தரையும் வெற்றுச் சுவரும் எதிரொலிக்கும். சத்தத்தைக் கூட்டினால் எதிரொலியும் கூடுமே தவிர, சொல் தெளியாது. முன்னால் ஒரு பெரிய ஸ்பீக்கருக்குப் பதில், அரங்கின் நடுப்பகுதி வரை சிறிய ஸ்பீக்கர்களைக் குறைந்த ஒலியில் வையுங்கள். பேசுபவர் ஸ்பீக்கருக்கு முன்னால் வந்தால் மைக் ஊளையிடும். அவர் நிற்கும் எல்லையைத் தரையில் ஒட்டுநாடாவால் குறித்துவிடுங்கள். ஆளில்லாத அரங்கில் எதிரொலி கொஞ்சம் அதிகம் கேட்கும். கூட்டம் வந்ததும் குறையும், பயப்பட வேண்டாம்.

ஸ்லைடுகளை பிடிஎஃப் கோப்பாக வாங்குங்கள். பழைய தமிழ் எழுத்துருவில் செய்தவை வேறு கணினியில் குப்பையாகத் தெரியும். எழுத்து 32 புள்ளிக்குக் குறைந்தால் பின்வரிசைக்குச் சுழியும் கொம்பும் கலங்கிப்போகும். திரையின் அடிவிளிம்பு நான்கடி உயரத்தில் இருந்தால்தான் முன்வரிசைத் தலைகள் மறைக்காது. மின்தடைக்கு யுபிஎஸ் போதாது. மைக்குக்காவது இன்வெர்ட்டர் தேவை.

பேச்சு 40 நிமிடம், கேள்வி 20. முதல் கேள்வி கேட்க ஒருவரும் கை தூக்கமாட்டார்கள். குளத்து மடையைக் காலமெல்லாம் திறந்து அடைத்த விவசாயி ஒருவரை முன்கூட்டியே அழைத்து, முதல் வாய்ப்பை அவருக்குக் கொடுங்கள். பேச்சாளரைவிட அவர் கேட்பதே சிலசமயம் சிறப்பாக இருக்கும்.

ஓலைச்சுவடியைக் கைமாற்றிக் காட்ட விடாதீர்கள். கை வியர்வையும் எண்ணெயும் ஓலையைக் கெடுக்கும். மாதிரியை மட்டும் சுற்றுக்கு விடுங்கள். பறவைக் கூடு இருக்கும் மரத்தைப் படத்தில் காட்டினாலும் இடத்தைச் சொல்லக் கூடாது. மறுநாளே கேமராக் கூட்டம் போய் நிற்கும், பெற்றோர் பறவை கூட்டை விட்டுவிடக்கூடும். சுசீந்திரம் கோயிலுக்கு அழைத்துச் செல்வதாக இருந்தால், ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டியிருக்கும் என்பதை அழைப்பிதழிலேயே போட்டுவிடுங்கள்.