பழைய உலகப்படம் அசலா நகலா? முதலில் திருப்பிப் பாருங்கள்

சுற்றிலும் மேகங்கள், தெற்கே அகலம் முழுக்க அடைத்துக்கொண்டு யாரும் கண்ணால் பார்த்திராத ஒரு கண்டம், கடலில் கப்பல். இதையெல்லாம் பார்த்து மயங்கித்தான் பலர் பழைய உலகப்படம் என்று எதையோ வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள். படத்தை யார் வேண்டுமானாலும் நகலெடுத்துவிடலாம். தாளையும், படத்தைச் செதுக்கி அச்சிட்ட செப்புத்தகடு அதில் பதித்துவிட்டுப் போன தடத்தையும் நகலெடுப்பதுதான் கஷ்டம், அதனால் சோதனையை அங்கே ஆரம்பியுங்கள். சந்தையில் அடிக்கடி அடிபடும் ஒன்றையே எடுத்துக்கொள்வோம்: ஆபிரகாம் ஒர்டேலியஸ் 1570ல் ஆண்ட்வெர்ப் நகரில் வெளியிட்ட 'தியேட்ரம் ஓர்பிஸ் டெர்ராரம்' அட்லஸில் முதலாவதாக வரும் உலகப்படம். ஏறத்தாழ 34க்கு 49 சென்டிமீட்டர்.

கண்ணாடி போட்டு மாட்டியிருந்தால் சட்டத்தைக் கழற்றச் சொல்லுங்கள். கழற்ற மாட்டேன் என்பவரிடம் வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

கழற்றியதும் திருப்புங்கள். அட்லஸிலிருந்து வந்த தாள் என்பதால் நடுவில் மடிப்பு இருக்கும். புத்தகத்தோடு சேர்த்துத் தைப்பதற்காக மடிப்பின் பின்பக்கம் ஒட்டிய காகிதப் பட்டையோ அதைப் பிய்த்த தடமோ பெரும்பாலும் மிஞ்சியிருக்கும். அப்புறம் எழுத்து: ஒர்டேலியஸ் படங்களின் பின்பக்கம் லத்தீன், டச்சு, ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானிஷ் என்று பதிப்பைப் பொறுத்து ஏதோ ஒரு மொழியில் விளக்கம் அச்சிட்டிருப்பார்கள், எந்தப் பதிப்பு என்று கண்டுபிடிக்க உதவுவதே அந்த மொழியும் பக்க எண்ணும்தான். பின்பக்கம் வெற்றாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

அடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடியுங்கள். அக்காலத் தாளைக் கம்பி வலை கட்டிய சட்டத்தில் கையால் வார்த்தார்கள், அந்தக் கம்பிகளின் தடம் நெருக்கமான மெல்லிய கோடுகளாகவும், அவற்றைக் குறுக்கே வெட்டி இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு ஒன்றாக வரும் கோடுகளாகவும் தெரியும். சில தாள்களில் ரூபாய் நோட்டில் தெரிவது போல வாட்டர்மார்க்கும் இருக்கும். கோடே இல்லாமல் மழமழவென்று சீரான தாள் ஐரோப்பாவில் 1750களில்தான் வந்தது, ஆக அந்தத் தாளில் 1570 படம் இருந்தால் பேச்சே வேண்டாம்.

செதுக்கிய தகட்டில் மையைத் தேய்த்து, மேல்பரப்பைத் துடைத்துவிட்டால் பள்ளங்களில் மட்டும் மை நிற்கும். ஈரத்தாளை அதன்மேல் வைத்து உருளை அச்சில் கொடுத்து நெரிக்கும்போது தகட்டின் விளிம்பு தாளில் அழுந்திவிடும். படத்தைச் சுற்றி அந்தப் பள்ளம் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். இதைப் போலியாகவும் அழுத்தி வைக்க முடியும் என்பதால் இதோடு நிறுத்திவிடாமல், நகைக்கடையில் வைரம் பார்க்கும் 10 மடங்கு லென்ஸ் ஒன்றை எடுத்து ஒரே ஒரு கோட்டை மட்டும் உற்றுப் பாருங்கள். உளியால் கீறிய கோடு ஊசிமுனை போல் தொடங்கி, நடுவில் தடித்து, மறுபடி மெலிந்து முடியும், மை தாளிலிருந்து லேசாக எழும்பி நிற்கும். அந்த இடத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது ஆஃப்செட் நகல்.

சரி, தாளும் அச்சும் தேறிவிட்டது என்று வையுங்கள். அப்போதும் விற்பவர் சொல்லும் வருஷத்தை நம்ப வேண்டாம், ஏனென்றால் ஒர்டேலியஸின் இந்த உலகப்படத்துக்கு மூன்று தகடுகள் உண்டு. முதல் தகட்டில் செதுக்கிய பிரான்ஸ் ஹோகன்பெர்க்கின் பெயர் இருக்கும், சுற்றிலும் மேகம், தென் அமெரிக்காவின் தென்மேற்குக் கரை விசித்திரமாகப் புடைத்துக்கொண்டு நிற்கும். 1587 தேதியிட்ட மூன்றாவது தகட்டில் புடைப்பு இல்லை, மேகத்துக்குப் பதிலாக அலங்காரப் பட்டைகளும் மூலைகளில் வாசகம் எழுதிய வட்டங்களும் வந்துவிட்டன. வட்டங்கள் இருக்கும் படத்தை 1570 என்று விற்கிறவருக்கு விஷயம் தெரியவில்லை, அல்லது நன்றாகவே தெரிந்திருக்கிறது. இன்னொன்று, தகட்டில் இருக்கும் தேதி செதுக்கிய தேதிதான், அச்சான தேதி அல்ல. அட்லஸ் 1612 வரை அச்சில் இருந்தது, ஒர்டேலியஸோ 1598லேயே இறந்துவிட்டார்.

வண்ணம் தனிக் கதை. ஒர்டேலியஸே 1547ல் ஆண்ட்வெர்ப் கலைஞர் சங்கத்தில் சேர்ந்தது வரைபடங்களுக்கு வண்ணம் தீட்டுபவராகத்தான். படங்கள் கறுப்பு வெள்ளையிலும் விற்றன, கையால் வண்ணம் பூசியும் விற்றன, அதனால் வண்ணம் இல்லாதது குறையல்ல. பழைய பச்சை செம்பிலிருந்து எடுத்தது, காலப்போக்கில் பழுத்துத் தாளையே அரித்துப் பின்பக்கம் பழுப்பாக ஊறியிருக்கும். நேற்றுப் பூசிய பச்சை அப்படி ஊறாது. மடிப்பில் விட்ட விரிசலுக்குள்ளும் ஒட்டுப்போட்ட இடத்தின் மேலும் வண்ணம் ஏறியிருந்தால் அது பின்னால் பூசியது. மோசடி என்று சொல்ல மாட்டேன், ஆனால் பழைய வண்ணத்துக்கான விலையைக் கொடுக்காதீர்கள்.

நம் ஆட்கள் கன்னியாகுமரியைத் தேடாமல் விடமாட்டார்கள், அதிலும் ஒரு பயன் இருக்கிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டுப் புவியியலாளர் தாலமியின் கணக்கை அப்படியே பின்பற்றிய படங்களில் இந்தியத் தீபகற்பம் கிட்டத்தட்டக் காணாமல் போய், 'தப்ரோபனா' என்ற தீவு (இலங்கைதான்) மட்டும் பூதாகரமாக உட்கார்ந்திருக்கும். ஒர்டேலியஸில் போர்ச்சுகீசியர் கொண்டுவந்த தகவலால் தீபகற்பம் ஒழுங்காகக் கீழே இறங்குகிறது.

வாங்குவதற்கு முன் நூலக முத்திரை இருக்கிறதா, அதைச் சுரண்டிய மெலிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். 2005ல் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் பிடிபட்ட ஒரு வரைபட வியாபாரி, பின்னர் 97 படங்களைப் பல நூலகங்களிலிருந்து திருடியதாக ஒப்புக்கொண்டார். டேவிட் ரம்சி என்பவரின் இணைய வரைபடத் தொகுப்பிலும் அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் இணையதளத்திலும் பழைய வரைபடங்களின் பெரிய ஸ்கேன்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, உங்கள் தகட்டின் ஸ்கேனைத் தேடிப் பக்கத்தில் வைத்துக் கோடு கோடாக ஒப்பிடுங்கள்.

வாங்கிவிட்டால் தயவுசெய்து லேமினேஷன் மட்டும் செய்யாதீர்கள். அமிலமில்லாத அட்டை, வெயில் படாத உள்சுவர், இரண்டும் போதும்.